நான்கு மடங்கு, எதன் மேல்?

அரசுக் கட்டுமானத்துக்காக ஊர்ப்புறத்தில் ஓர் ஏக்கர் புன்செய் எடுக்கப்படுகிறது. சந்தை மதிப்பு ரூ.10 லட்சம், அறிவிக்கைக்கும் இழப்பீட்டை முடிவுசெய்யும் தீர்வத்துக்கும் இடையே ஓராண்டு என்று வைத்துக்கொள்வோம். 1894ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டப்படி மதிப்பு 10, ஆறுதல் தொகை 30 விழுக்காடாக 3, ஆண்டுக்கு 12 விழுக்காடு கூடுதல் தொகை 1.2, மொத்தம் ரூ.14.2 லட்சம்.

2014 ஜனவரி 1 முதல் நடப்பிலுள்ள 2013ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஆறுதல் தொகை 100 விழுக்காடு. ஊர்ப்புற நிலத்துக்கு, நகரத் தொலைவைப் பொறுத்து, 1 முதல் 2 வரை பெருக்கல் காரணியும் உண்டு. காரணி 1 என்றால் 10 + 10 + 1.2, ஆக ரூ.21.2 லட்சம். 2 என்றால் 20 + 20 + 1.2, ஆக ரூ.41.2 லட்சம்.

‘நான்கு மடங்கு இழப்பீடு’ என்று மேடைகளில் சொல்வது இந்த 2ஐ நம்பித்தான். ஆனால் எதன் நான்கு மடங்கு? இப்படி அரசு தனக்காகவே எடுக்கும்போது, பிரிவு 26 இரண்டு விலைகளை ஒப்பிட்டு உயர்ந்ததை எடுக்கச் சொல்கிறது: பத்திரப் பதிவுக்கு அரசு வகுத்த வழிகாட்டி மதிப்பு, அக்கம்பக்கத்து 3 ஆண்டுக் கிரயங்களில் விலை கூடிய பாதியின் சராசரி. விலையைக் குறைத்துக் காட்டிப் பதியும் ஊரில் இரண்டாவதும் முதலாவதை ஒட்டியே நிற்கும்.

2017 ஜூனில் தமிழக அரசு வழிகாட்டி மதிப்பை 33 விழுக்காடு குறைத்து, பதிவுக் கட்டணத்தை 1இலிருந்து 4 விழுக்காடாக்கியது. முத்திரைத் தீர்வை 7. முன்பு 10 லட்சத்துக்கு ரூ.80,000 கட்ட வேண்டியவர், 6.7 லட்சத்துக்கு ரூ.73,700 கட்டினார். மிச்சம் ரூ.6,300. அதே நிலத்தை அந்த மதிப்பில் அரசு எடுத்தால், நான்கு மடங்கு என்பது 40 லட்சத்திலிருந்து 26.8 லட்சமாக இறங்கும். வாங்கியவருக்கு ஆறாயிரம் சொச்சம் லாபம், பறிகொடுத்தவருக்கு ரூ.13.2 லட்சம் நட்டம். இது பெரிய அநீதி. 2023 ஏப்ரலில் பழைய மதிப்பு திரும்பியது. அதற்குமுன் அறிவிக்கை வந்தவர்களுக்குப் பயனில்லை. மதிப்பைக் கணக்கிடுவது அறிவிக்கைத் தேதியை வைத்தே.

எடுக்காமல் குத்தகைக்குப் பெறவும் பிரிவு 104 இடம் தருகிறது. குத்தகைத் தொகைக்கு அதில் அளவுகோல் இல்லை. நிலம் எடுக்கப்பட்டால், அதற்குமுன் 3 ஆண்டுகள் அதை நம்பிப் பிழைத்த குத்தகை உழவருக்கு மறுவாழ்வுப் பட்டியலில் ரூ.5 லட்சம், அல்லது மாதம் ரூ.2,000 வீதம் 20 ஆண்டுகள். விலைவாசி உயர்வைச் சேர்க்காமல் அது ரூ.4.8 லட்சம்.

தொகை போதாதென்றால், தீர்வத்தின்போது நேரில் இருந்தவர் 6 வாரத்துக்குள் ஆட்சியரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும். பக்கத்து நிலங்களின் கிரயப் பத்திர நகல்களை அறிவிக்கை வந்தவுடனேயே எடுத்து வைப்பது நல்லது. விலை உயர்ந்த ஒரு பத்திரம் சேர்ந்தாலும் சராசரி நகரும்.