சண்டைக் காட்சிக்கு விலை வைப்பது யார்?

சேனல் கட்டணத்துக்கு வரம்பு உண்டு. இணைய ஒளிபரப்புக்கு எதுவும் இல்லை

திருப்பதி: டபிள்யூ.டபிள்யூ.இ. எனப்படும் அமெரிக்கத் தொழில்முறை மல்யுத்த நிகழ்ச்சிகள், 2025 ஏப்ரல் 1 முதல் இந்தியத் தொலைக்காட்சி சேனல்களிலிருந்து விலகி நெட்பிளிக்ஸ் என்ற இணைய ஒளிபரப்பு நிறுவனத்தின் வசம் சென்றன. திருப்பதி, சித்தூர் பகுதி வீடுகளில் கேபிள் இணைப்பின் வழியாக மாதச் சில ரூபாய்க்குக் கிடைத்து வந்த ஒரு காட்சி, இணைய இணைப்பும் தனிச் சந்தாவும் உள்ளவர்களுக்கு மட்டுமே உரியதாக மாறியது. இந்த மாற்றத்துக்கு எந்த ஒழுங்குமுறை அமைப்பின் ஒப்புதலும் தேவைப்படவில்லை. சட்டம் எதுவும் மீறப்படவும் இல்லை. வீட்டிலிருந்து பார்க்கும் விளையாட்டின் விலையை யார் தீர்மானிப்பது என்ற கேள்வி இங்கிருந்தே எழுகிறது.

டபிள்யூ.டபிள்யூ.இ. விளையாட்டா, முடிவு முன்னரே எழுதப்பட்ட நாடகமா என்ற விவாதம் பழையது. எனினும் இந்தியாவில் அதற்கு நகரம், கிராமம் என்ற வேறுபாடின்றி ரசிகர்கள் உண்டு. 2002-ல் துபாயிலிருந்து தொடங்கப்பட்ட டென் ஸ்போர்ட்ஸ் சேனல் அதை வீடுதோறும் கொண்டு சேர்த்தது. 2007-ல் ‘கிரேட் காளி’ என்ற பெயரில் களமிறங்கிய இமாசலப் பிரதேசத்தைச் சேர்ந்த தலிப் சிங் ராணா உலக ஹெவிவெயிட் பட்டம் வென்றபோது ஆதரவு மேலும் பெருகியது. டென் ஸ்போர்ட்ஸ் சேனல்களை வாங்க சோனி நிறுவனம் 2016-ல் ஒப்பந்தம் செய்தது. 2021-ல் தமிழுக்கும் தெலுங்குக்குமாக டென்-4 என்ற தனி சேனலை அந்நிறுவனம் தொடங்கியது. இவ்விரு மொழிகளும் புழங்கும் திருப்பதி, சித்தூர் மாவட்டங்களில், மல்யுத்த வர்ணனையைத் தாய்மொழியில் கேட்கும் வாய்ப்பு அப்போதுதான் கிடைத்தது.

அமெரிக்காவில் தனி விலை

ஒரு சண்டைக்கு ஒரு கட்டணம் என்ற முறை அமெரிக்காவில் வளர்ந்தது. முகமது அலி, ஜோ பிரேசியர் 1971 மார்ச் 8-ல் மோதிய போட்டியை, திரையரங்குகளில் நுழைவுச்சீட்டு வாங்கியே அங்குள்ள மக்கள் நேரலையாகப் பார்க்க முடிந்தது. கேபிள் வலைப்பின்னல் பரவியதும் அதே கட்டணம் வீட்டுக்கு வந்தது. யு.எஃப்.சி. என்னும் கலப்புத் தற்காப்புக் கலைப் போட்டி 1993 நவம்பரில் பிறந்ததே இந்தக் கட்டண முறையை நம்பித்தான். 2015 மே 2-ல் பிளாய்டு மேவெதர், மானி பாக்கியோ மோதிய குத்துச்சண்டையை வீட்டில் பார்ப்பதற்கு அமெரிக்கக் குடும்பங்கள் 90 முதல் 100 டாலர் வரை செலுத்தின. அன்று விற்பனையான இணைப்புகள் சுமார் 46 லட்சம்.

இந்தியாவில் இம்முறை வேரூன்றவில்லை. தமிழகத்தில் நடந்த பெரும் முயற்சி விளையாட்டில் அல்லாமல் சினிமாவில் நிகழ்ந்தது. ‘விஸ்வரூபம்’ படத்தைத் திரையரங்குக்கு முன்பாக டி.டி.எச். மூலம் வீடுகளுக்கு 1,000 ரூபாய்க்குத் தர 2013 ஜனவரியில் நடிகர் கமல்ஹாசன் திட்டமிட்டார். திரையரங்கு உரிமையாளர்களின் எதிர்ப்பால் அத்திட்டம் முன் அறிவித்தபடி நடைபெறவில்லை. அமெரிக்க ரசிகர் ஒவ்வொரு முக்கிய மல்யுத்த நிகழ்ச்சிக்கும் தனிப்பணம் கட்டிய காலத்தில், இந்திய ரசிகர் அதை மாதச் சேனல் கட்டணத்துக்குள்ளேயே பார்த்து வந்தார்.

19 ரூபாய் வந்த வழி

அந்தச் சேனல் கட்டணம் கட்டுக்குள் இருந்ததற்கு நீண்ட போராட்டம் காரணம். கேபிள் ஆபரேட்டர் எத்தனை வீடுகளைக் கணக்கில் காட்டுகிறார், சேனல் நிறுவனம் எவ்வளவு கேட்கிறது என்ற இழுபறியில் சந்தாதாரருக்குத் தேர்வு இல்லாதிருந்தது. இதைத் தீர்க்கக் கொண்டுவரப்பட்ட செட்-டாப் பாக்ஸ் முறை 2003 செப்டம்பரில் சென்னையில் நடைமுறைக்கு வந்தது. 2004 ஜனவரியில் ஒளிபரப்பும் கேபிள் சேவையும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ‘டிராய்’ வரம்புக்குள் கொண்டுவரப்பட்டன. செட்-டாப் பாக்ஸ் கட்டாயமான பகுதிகளில் கட்டண சேனல் ஒன்றுக்கு அதிகபட்சம் 5 ரூபாய் என்று 2006-ல் ஆணையம் நிர்ணயித்தது. பெருநகரங்களுக்குப் பிறகு, திருப்பதி உள்ளிட்ட ஏனைய நகர்ப்புறங்கள் டிஜிட்டல் முறைக்கு மாற 2015 டிசம்பர் 31 காலக்கெடுவாக அறிவிக்கப்பட்டது.

2017-ல் வெளியான புதிய கட்டண ஆணையை எதிர்த்து ஒளிபரப்பு நிறுவனங்கள் நீதிமன்றம் சென்றன. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஆணையத்தின் அதிகாரத்தை உறுதி செய்தது. 2019 பிப்ரவரியில் புதிய முறை நடைமுறைக்கு வந்தது. அதன்படி, 100 சேனல்கள் வரையிலான அடிப்படை இணைப்புக்கு 130 ரூபாய் உச்சவரம்பு. வரியுடன் சேர்த்தால் 153 ரூபாய் 40 காசு. திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் வெங்கடேஸ்வரா பக்தி சேனல் போன்ற இலவச சேனல்களுக்கு இதற்கு மேல் எதுவும் கிடையாது. கட்டண சேனலுக்கு அதன் விலை தனியே சேரும். 19 ரூபாய்க்கு மேல் விலையுள்ள சேனலைத் தொகுப்பில் சேர்க்கக் கூடாது என்பது நிபந்தனை. இந்த வரம்பை 12 ரூபாயாகக் குறைக்க 2020-ல் எடுக்கப்பட்ட முயற்சி நீதிமன்ற வழக்குகளில் சிக்கியது. 2022 நவம்பரில் வரம்பு மீண்டும் 19 ரூபாயானது.

மல்யுத்தம் ஒளிபரப்பான டென்-1 சேனலின் விலை 2019-ல் சரியாக 19 ரூபாய். 18 சதவீத வரியுடன் 22 ரூபாய் 42 காசு. அடிப்படை இணைப்பையும் சேர்த்து மாதம் 175 ரூபாய் 82 காசில் ஒரு குடும்பம் 100 சேனல்களுடன் மல்யுத்தத்தையும் பார்க்க முடிந்தது.

இம்முறையிலும் குறைகள் இருந்தன. சேனல் தொகுப்புகள் மொழிவாரியாகப் பிரிக்கப்பட்டதால், தமிழும் தெலுங்கும் பேசும் எல்லையோரக் குடும்பங்கள் இரண்டு தொகுப்புகளுக்கும் பணம் கட்ட நேர்ந்தது. அடிப்படை இணைப்புக் கட்டணத்தின் உச்சவரம்பையும் 2024 ஜூலையில் ஆணையம் நீக்கிவிட்டது. ஆயினும் விலை வெளிப்படையாக அறிவிக்கப்பட வேண்டும், வேண்டிய சேனலை மட்டும் தனியே வாங்கலாம் என்ற இரு உரிமைகள் சந்தாதாரரிடம் எஞ்சியுள்ளன.

சந்தா என்னும் புதிய கணக்கு

இணைய ஒளிபரப்பில் இவ்விரண்டாவது உரிமை இல்லை. 2021 டிசம்பரில் நெட்பிளிக்ஸ் இந்தியாவில் கட்டணத்தைக் குறைத்தபோது, கைப்பேசியில் மட்டும் பார்க்கும் திட்டத்துக்கு 149 ரூபாயும், தொலைக்காட்சியில் பார்க்கக்கூடிய குறைந்தபட்சத் திட்டத்துக்கு 199 ரூபாயும் நிர்ணயித்தது. இந்த 199 ரூபாய்க் கணக்கில் ஆண்டுக்கு 2,388 ரூபாய். டென்-1 சேனலுக்கு ஆண்டு முழுவதும் ஆன செலவு 269 ரூபாய் மட்டுமே. இணைய இணைப்புக்கான கட்டணம் இதில் சேராது. வீட்டில் மற்றவர்கள் பார்க்கும் தொடர்களுக்காகக் கேபிள் இணைப்பையும் துண்டிக்க இயலாது.

நிறுவனத்தின் தரப்பிலும் நியாயம் உண்டு. அதே சந்தாவில் திரைப்படங்களும் தொடர்களும் கிடைக்கின்றன. ஏற்கெனவே சந்தா செலுத்துபவருக்கு மல்யுத்தம் கூடுதல் செலவின்றி வந்து சேர்கிறது. மைக் டைசன், ஜேக் பால் 2024 நவம்பரில் மோதிய குத்துச்சண்டையும் தனிக்கட்டணமின்றியே நெட்பிளிக்ஸில் ஒளிபரப்பானது. அமெரிக்காவிலும் காற்று இத்திசையில் வீசுகிறது. ஒரு போட்டிக்கு 80 டாலர் வரை வசூலித்து வந்த யு.எஃப்.சி., 770 கோடி டாலர் மதிப்பில் பாரமவுண்ட் நிறுவனத்துடன் 7 ஆண்டு ஒப்பந்தத்தை 2025 ஆகஸ்டில் அறிவித்தது. 2026 முதல் அங்கு அப்போட்டிகள் மாதச் சந்தாவுக்குள் அடங்கிவிட்டன.

ஆக, ஒரே சந்தா முறை அமெரிக்க ரசிகரின் செலவைக் குறைக்கிறது. திருப்பதி ரசிகரின் செலவைக் கூட்டுகிறது. அங்கே அது 80 டாலர் கட்டணத்தின் இடத்தில் வந்தது. இங்கே 19 ரூபாய் சேனலின் இடத்தில் வந்துள்ளது.

சட்டத்தின் எல்லை

அலைவரிசைகள் பொதுச்சொத்து என்று 1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விளையாட்டு ஒளிபரப்பைப் பிரசார் பாரதியுடன் கட்டாயமாகப் பகிர வேண்டும் என்ற சட்டம் 2007-ல் நிறைவேறியது. ஒலிம்பிக், ஆசிய, காமன்வெல்த் போட்டிகள் அதன் பட்டியலில் உள்ளன. அப்போட்டிகளில் இந்திய மல்யுத்த வீராங்கனைகள் மோதும்போது, மாதக் கட்டணமற்ற தூர்தர்ஷன் ‘ஃப்ரீ டிஷ்’ இணைப்புள்ள வீடும் பார்வையாளர் அரங்கில் இடம் பெறுகிறது. இப்பட்டியலுக்கு வெளியே உள்ள தொழில்முறைச் சண்டைகளுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

‘டிராய்’ ஆணையத்தின் கட்டண அதிகாரம் சேனல்களோடும் அவற்றை விநியோகிப்போரோடும் நின்றுவிடுகிறது. 2021-ன் தகவல் தொழில்நுட்ப விதிகள் இணைய ஒளிபரப்பின் உள்ளடக்கத்தைப் பற்றிப் பேசுகின்றன. விலையைப் பற்றிப் பேசவில்லை. 2023 நவம்பரில் வெளியிடப்பட்ட ஒளிபரப்புச் சேவைகள் வரைவு மசோதா இணைய ஒளிபரப்பையும் ஒழுங்குமுறைக்குள் கொண்டுவர முற்பட்டது. கருத்துச் சுதந்திரத்துக்கு ஆபத்து என்ற எதிர்ப்பு எழுந்ததால் 2024 ஆகஸ்டில் திருத்திய வரைவு பின்வாங்கப்பட்டது. தணிக்கை பற்றிய அச்சம் நியாயமானதே. ஆனால் அந்த விவாதத்தில், சந்தாதாரரின் கட்டணம் என்ற தனிப் பிரச்சினை கவனம் பெறாமலேயே போனது.

மாநில அரசுகளுக்கும் இதில் பங்கு உண்டு. இணையம், தொலைக்காட்சி, தொலைபேசி மூன்றையும் சேர்த்து மாதம் 149 ரூபாய்க்குத் தருவதாக ஆந்திர அரசின் ‘ஃபைபர்நெட்’ திட்டம் 2017 டிசம்பரில் குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்தால் தொடங்கி வைக்கப்பட்டது. மூன்று சேவைகளுக்கு அரசு அன்று வைத்த அதே தொகையைத்தான், ஒரு கைப்பேசித் திரைக்கு ஒரு நிறுவனம் நான்கு ஆண்டுகள் கழித்து விலையாக வைத்தது.

மல்யுத்தத்தோடு இது நிற்கவில்லை. 2023, 2024 ஆண்டுகளில் இணையத்தில் கட்டணமின்றிக் கிடைத்த ஐ.பி.எல். கிரிக்கெட்டை முழுமையாகப் பார்ப்பதற்கு 2025-ல் சந்தா தேவைப்பட்டது. சேனலில் இருக்கும்வரை ஒரு விளையாட்டின் விலையைக் கேள்வி கேட்க ஆணையம் உண்டு. இணையத்துக்கு மாறிய நாளில் அந்த வாசல் அடைபடுகிறது. உள்ளடக்கத்தில் கை வைக்காமல், விலை அறிவிப்பு, தனியே வாங்கும் உரிமை, மாநில மொழி வர்ணனை ஆகியவற்றுக்கு மட்டும் விதி வகுப்பது நாடாளுமன்றத்தால் இயலக்கூடியதே. அதைச் செய்யும்வரை விலையைத் தீர்மானிக்கும் உரிமை ஒளிபரப்பு உரிமத்தை வாங்கியவரிடமே இருக்கும்.