கூரைக் கணக்கு – 11: எந்த ஏழைக்கு முதலில்?

பங்சாரின் பங்களா வீதிகளிலிருந்து கூட்டரசு நெடுஞ்சாலையைத் தாண்டினால் கெரிஞ்சி. வீடு கட்டி விற்க வந்தவர்கள் அதன் ஒரு பகுதிக்குப் ‘பங்சார் சவுத்’ என்று பெயர் சூட்டினார்கள். பழைய பெயரே வேண்டும் என்ற குரல் 2018இல் அமைச்சர் வரை போனது. கெரிஞ்சி, பந்தாய் ரியா, ஸ்ரீ பந்தாய் என்று பி.பி.ஆர். எனும் மக்கள் வீடமைப்புத் திட்டத்தின் அடுக்குமாடிகள் நிற்பதும் இந்தப் பக்கத்தில்தான். மூன்று அறை கொண்ட வீட்டுக்கு மாத வாடகை 124 ரிங்கிட். சாலைக்கு அப்பால் அந்தப் பணத்துக்குக் கார் நிறுத்த ஓர் இடம் கிடைத்தாலே அதிகம். 1997 நிதி நெருக்கடிக்குப் பிறகு புறம்போக்குக் குடியிருப்புகளை அகற்றி மக்களைக் குடியேற்றவே இந்தத் திட்டம் பிறந்தது. அப்போது யாருக்கு முதலில் வீடு என்ற கேள்வி பெரிதாக எழவில்லை. யார் குடிசைக்கு முதலில் புல்டோசர் வந்ததோ அவருக்கு முதலில் வீடு. குடிசைகள் தீர்ந்தன, கட்டிய வீடுகள் நிரம்பின. இனி காலியாகும் வீடுகளோ சொற்பம். சண்டை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

இந்தச் சண்டையைப் பற்றிப் பேசும்போது நம்மவர்கள் வழக்கமாகச் சொல்வது ஒன்று உண்டு: வசதி உள்ளவன் உள்ளே, இல்லாதவன் வெளியே. கார் நிறுத்துமிடத்தில் நிற்கும் ஒரு நல்ல காரைக் காட்டியே இதை நிரூபித்துவிடுவார்கள். உள்வாடகைக்கு விடுபவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் கோலாலம்பூர் வட்டாரத்தில் 17 மலிவு அடுக்குமாடிகளை ஆராய்ந்து 2018இல் யுனிசெஃப் வெளியிட்ட அறிக்கை வேறு சித்திரம் தருகிறது. அங்கே வளரும் குழந்தைகளில் 99.7 விழுக்காட்டினர் ஒப்பீட்டு வறுமையில் இருந்தார்கள்; ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் 22 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். ஆகவே உள்ளே இருப்பவர்களும் பெரும்பாலும் ஏழைகள்தான். பணக்காரனை வெளியேற்றிவிட்டால் எல்லாருக்கும் வீடு கிடைத்துவிடும் என்பது ஆறுதலான கற்பனை. தகுதியுள்ள இரண்டு ஏழைகளில் யார் முன்னே, யார் பின்னே என்பதே உண்மையான கேள்வி. அதைத் தீர்மானிக்கும் வரிசை வெளியே தெரிவதில்லை. விண்ணப்பித்தவர் தன் விண்ணப்பத்தின் நிலையைப் பார்த்துக்கொள்ளலாம். தனக்கு முன்னால் நிற்பவர் எதனால் முன்னால் நிற்கிறார் என்பதைப் பார்க்க முடியாது.

வரிசை தெரியாத இடத்தில் மனிதர்கள் கடிதம் தேடுவார்கள். நாடாளுமன்ற உறுப்பினரின் சேவை மையத்திலும் கட்சிக் கிளைத் தலைவர் வீட்டிலும் ஆதரவுக் கடிதத்துக்காக நிற்கும் கூட்டம் இதன் விளைவு. வேடிக்கை என்னவென்றால், கடிதம் தரும் நாடாளுமன்ற உறுப்பினருக்கு, இந்த வீடுகளை வாடகைக்கு விடும் மாநகர் மன்றத்தின் மீது சட்டப்படி எந்த அதிகாரமும் கிடையாது. 1960ஆம் ஆண்டின் கூட்டரசுத் தலைநகர்ச் சட்டம் வந்து, தேர்ந்தெடுக்கப்பட்ட நகராண்மைக் கழகம் 1961இல் கலைந்தது. 1974இல் கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசமானது. மாநகர் மன்றத்தின் தலைவரான டத்தோ பண்டார் நியமிக்கப்படுபவர். அவருக்கு மேலே இருப்பவர் கூட்டரசுப் பிரதேசத்துக்குப் பொறுப்பான அமைச்சர். 2013 பொதுத் தேர்தலில் அந்த அமைச்சராக இருந்த ராஜா நோங் சிக்கே கெரிஞ்சி அடங்கிய லெம்பா பந்தாய்த் தொகுதியில் நின்றார். அவரை எதிர்த்து வென்ற நூருல் இஸா அன்வாரின் பெரும்பான்மை 1,847 வாக்கு. வீட்டு உரிமையாளருக்கு மேலதிகாரியாக இருப்பவர் குடித்தனக்காரர்களிடமே வாக்குக் கேட்டார். அவர் வீட்டைக் காட்டி வாக்கு வாங்கினார் என்று சொல்ல எனக்கு ஆதாரமில்லை, சொல்லவும் மாட்டேன். அந்தச் சந்தேகம் எழவே வழியில்லாத ஏற்பாடு இல்லை என்பதே என் குற்றச்சாட்டு. எந்தக் கட்சி அந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் இது மாறாது.

அப்படியானால் மாநகர் மன்றத்துக்குத் தேர்தல் நடத்திவிட்டால் போதுமே என்பார்கள். நானும் தேர்தலை விரும்புகிறவன்தான், ஆனால் அது போதாது. லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் மன்றம் தேர்ந்தெடுக்கப்பட்டதுதான். 1986 தேர்தலில் மயிரிழையில் தப்பிய ஆளுங்கட்சி, ஷெர்லி போர்ட்டர் தலைமையில், வாக்கு ஊசலாடும் எட்டு வட்டாரங்களில் மன்ற வீடுகளை வாடகைக்கு விடாமல் விற்கத் தொடங்கியது. தனக்கு வாக்களிக்கக் கூடியவர்களைக் குடியேற்றுவதே நோக்கம். அதைத் தோண்டி எடுத்தவர் ஜான் மெகில் என்ற தணிக்கையாளர். 2001 டிசம்பரில் பிரபுக்கள் சபை அது சட்டவிரோதம் என்று உறுதி செய்தது. 2004இல் போர்ட்டர் 1 கோடியே 23 லட்சம் பவுண்டு கட்டினார். சிங்கப்பூரில் இது ஒளிவு மறைவில்லாமலே நடந்தது. 1997 தேர்தலின்போது, ஆதரவு தரும் தொகுதிகளின் அடுக்குமாடிகளுக்கே மேம்பாட்டில் முன்னுரிமை என்று பிரதமர் கோ சோக் தோங் பகிரங்கமாகச் சொன்னார். வாக்குப்பெட்டி இருந்தும் இவை நடந்தன. வெஸ்ட்மின்ஸ்டரில் உண்மையை வெளிக்கொண்டுவந்தது, எந்தக் கோப்பையும் கேட்டு வாங்கும் உரிமை பெற்ற தணிக்கை.

அதனால் வரிசையின் விதியை எழுதி எல்லாரும் பார்க்க ஒட்ட வேண்டும் என்கிறேன். அப்படி ஒட்டிவிட்டால் அவசரத்துக்கு வளைந்து கொடுக்க முடியாதே என்று அதிகாரிகள் தரப்பில் கேட்கலாம். தீயில் வீடிழந்தவர், கணவன் அடிக்குத் தப்பி வந்த தாய் ஆகியோர் வரிசையில் நிற்க முடியுமா? முடியாது. அதனால்தான் அவசரத்தையே விதிக்குள் எழுத வேண்டும். எந்த நிலைக்கு எத்தனை புள்ளி, காத்திருந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் எத்தனை புள்ளி என்று. வீடற்றவர்களில் யாருக்கு முன்னுரிமை என்பதை இங்கிலாந்து 1977இலேயே சட்டமாக்கியது. வரிசையைப் பட்டியலாக வெளியிட்டால் அந்தரங்கம் என்ன ஆவது என்றால், பெயரே வேண்டாம். விண்ணப்ப எண்ணும் புள்ளியும் தேதியும் போதும்.

சிக்கலானது வேறொரு வாதம்: வாடகைக்கு விடுவதால்தானே இந்தப் பிடுங்கல், குடியிருப்பவருக்கே விற்றுவிடுங்கள் என்பது. 35,000 ரிங்கிட் என்ற விலை தேர்தல்தோறும் காதில் விழுகிறது. தமிழர்களுக்கு இந்த ஆசையின் ஆழம் தெரியும். புக்கிட் ஜாலில் தோட்டத்தின் 41 குடும்பங்கள், மாநகர் மன்றம் காட்டிய பி.பி.ஆர். வீட்டை ஏற்காமல், பாடுபட்ட மண்ணில் வீடு கட்ட 4 ஏக்கர் கேட்டு நின்றார்கள். தலைமுறைகளின் உழைப்புக்கு வாடகைச் சீட்டு ஈடாகாது என்ற அவர்கள் வாதம் நியாயமானது. அது இழப்பீட்டுக் கணக்கு, அதை நிலமாகத்தான் தீர்க்க வேண்டும். பி.பி.ஆர். விற்பனை அப்படியல்ல. கெரிஞ்சியில் 35,000க்கு விற்கப்படும் வீடு, இன்று உள்ளே இருப்பவருக்கு அதிர்ஷ்டப் பரிசு. வெளியே காத்திருப்பவருக்கு நிரந்தரமாக மூடிய கதவு. விற்றுத்தான் ஆக வேண்டுமென்றால் விற்ற ஒவ்வொரு வீட்டுக்கும் அதே வட்டாரத்தில் ஒரு வாடகை வீடு கட்டப்பட வேண்டும். அந்த வாக்குறுதியோடு சேர்த்து விற்பனையைப் பேசும் வேட்பாளர்தான் கேட்கத் தகுந்தவர்.

புள்ளி முறைக்கும் எண் பட்டியலுக்கும் புதிய சட்டம் வேண்டியதில்லை. மாநகர் மன்றமே முடிவெடுத்துச் செய்யலாம். அதைச் செய்யச் சொல்லி, கடிதம் கேட்டுச் செல்லும் அதே சேவை மையத்தில் ஒரு மனு கொடுங்கள்.

(தொடரும்)