இரு நிற நீர் கூடும் துறை

தென்னமெரிக்காவின் அமேசன் ஆற்றிலே, மனவுஸ் நகரிலிருந்து கடலை அண்மித்த பெலெம் நகருக்குச் செல்லும் பயணிப் படகுகள் நாட்கணக்கில் ஓடுகின்றன. குழந்தைக்குக் கட்டும் ஏணை போன்ற துணித் தொட்டில்களைப் பயணிகள் தட்டுகளிலே வரிசையாகக் கட்டி, இரவும் பகலும் அவற்றிலேயே கிடப்பர். ஏறக்குறைய நடுவழியிலுள்ள சாந்தரேம் என்னும் பிறேசில் நாட்டு நகரத்திலே, சுமை இறக்கவும் ஏற்றவும் படகு சில மணி நேரம் தரித்து நிற்கும்.

கரையிறங்குவோர் கண்ணை முதலிற் கவர்வது நீரே. பழம்பாறை நிலத்தில் ஓடிவரும் தப்பஜோஸ் ஆறு வண்டல் குறைந்து நீலநிறமாகத் தெளிந்திருக்கும். அந்தீஸ் மலைகளின் மண்ணைச் சுமந்துவரும் அமேசனோ கலங்கிய பழுப்பு நிறம். வேகத்தாலும் வெப்பத்தாலும் அடர்த்தியாலும் வேறுபட்ட இவ்விரு நீரும் உடனே கலவாமல், நெடுந்தூரம் அருகருகே ஓடுகின்றன.

இத்துறைக்கும் இலங்கைக்கும் ஓர் உறவு உண்டு. 1876ஆம் ஆண்டிலே ஹென்றி விக்கம் என்னும் ஆங்கிலேயர், தப்பஜோஸ் ஆற்றையடுத்த காடுகளில் ஏறக்குறைய 70,000 றப்பர் வித்துகளைச் சேகரித்து இங்கிலாந்துக்குக் கொண்டுசென்றார். கியூ பூங்காவிலே விதைக்கப்பட்டவற்றுள் முளைத்தவை ஏறக்குறைய 2,700 மாத்திரமே. அவற்றுள் 1,900க்கு மேற்பட்ட கன்றுகள் அவ்வாண்டிலேயே இலங்கைக்கு அனுப்பப்பட்டு, கம்பஹாவுக்கு அண்மையிலுள்ள ஹெனரத்கொடைப் பூங்காவில் நடப்பட்டன. அடுத்த ஆண்டிலே 22 கன்றுகள் சிங்கப்பூரை அடைந்தன. பின்னர் இலங்கையிலும் மலாயாவிலும் றப்பர்த் தோட்டங்கள் பெருகின. தமிழகத்துக் கிராமங்களிலிருந்து வந்த எண்ணற்ற தொழிலாளர் அத்தோட்டங்களிற் பால் வெட்டினர்.

ஆசியத் தோட்டங்களின் றப்பர் உலகச் சந்தையை நிரப்பவே, அமேசனின் காட்டு றப்பர் வாணிகம் 1913ஆம் ஆண்டளவில் வீழ்ந்தது. மனவுஸ், பெலெம் நகரங்களின் செல்வமும் அதனோடு கரைந்தது.

தாய்மண்ணிலேயே தோட்டம் அமைத்தால் என்ன? மோட்டார் வண்டி உற்பத்தியாளர் ஹென்றி போர்ட் 1928இல் தப்பஜோஸ் கரையில் அதனையே முயன்றார். காட்டிலே றப்பர் மரங்கள் ஒன்றுக்கொன்று தூரமாக வளர்வதால், இலைகளைத் தாக்கும் ஒருவகைப் பூஞ்சணம் எளிதிற் பரவுவதில்லை. நெருங்கி நட்ட தோட்டத்திலோ அது மரத்துக்கு மரம் தொற்றி, இலைகளை உதிர்த்துவிட்டது. 1945இல் அந்நிலம் பிறேசில் அரசுக்கே திரும்பியது. கடல் கடந்த கன்றுகள் அந்நோயிலிருந்து தப்பின; ஆசியாவில் அது இன்றுவரை வேரூன்றவில்லை. ஒருமுறை அது வந்து பரவிவிடுமாயின், றப்பரை நம்பி வாழும் குடும்பங்களின் நிலை என்னாகும்? தென்னமெரிக்காவிலிருந்து வரும் செடிகளையும் வித்துகளையும் ஆசிய நாடுகள் கடுமையாகச் சோதிப்பது இதனாலேயே.

சுமை ஏற்றியபின் படகு மீண்டும் புறப்படும். அன்று வித்துகள் சென்ற அதே வழியிற்றான் இன்றைய பயணிகளும் கடலை நோக்கிச் செல்கின்றனர்.