ஓர் அடி அகலத்தில் ஒரு கரையோரப் பாதை

வத்தளையில் பல இடங்களில் கிணறு வெட்டுகிறவர் நாலு முழம் இறங்குமுன்பே தண்ணீரைக் கண்டுவிடுவார். தெற்கே களனி கங்கை, ஊருக்கு ஊடாக ஹமில்டன் கால்வாய், வடக்கே முத்துராஜவெலச் சதுப்பு. 2016 மே மாதம் களனி பெருகியபோது கங்கைக்கரை வீடுகளில் மெத்தைகள் மேசைமேல் ஏறின, மேசையில் இருந்தவை அலுமாரிமேல் ஏறின. மண்ணுக்குக் கீழே ஓர் அறை கட்டலாம் என்ற எண்ணம் இங்கே எவருக்கும் வராது.

மாதிரி ரயில் அமைப்பது பற்றிய அமெரிக்கப் புத்தகங்களோ நிலவறையில்தான் தொடங்குகின்றன. அதற்குக் காரணம் பனி. மினசோட்டா போன்ற வட மாநிலங்களில் குளிர்காலத்தில் நிலம் சில அடி ஆழம்வரை உறைந்துபோகும். உறைந்த மண் உப்பி அத்திவாரத்தைத் தூக்கிவிடும் என்பதால், அந்த ஆழத்துக்கும் கீழே தோண்டித்தான் வீட்டை எழுப்ப வேண்டும். எப்படியும் தோண்டியாயிற்று, இன்னும் கொஞ்சம் தோண்டினால் வீட்டின் முழு அகலத்துக்கும் ஓர் அறை கிடைத்துவிடுகிறது. அப்படியொரு அறை இருந்தால் மனம் எவ்வளவு விரியும் என்பதற்கு ஜோன் அலன் சாட்சி. கலிபோர்னியாவின் மொன்டரேயில் தன் வீட்டின் கீழறையில், தரையிலிருந்து கூரைவரை மலைகளை எழுப்பி, அவற்றின் நடுவே பாதை போட்டவர் அவர். 1973 ஜனவரியில் அவர் இறந்த சில நாட்களில் தீப்பிடித்து அதில் பெரும்பகுதி அழிந்துபோனது. அந்த அமைப்பின் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும்.

நிலவறை அரிதான இங்கிலாந்தில் ரயில்கள் கூரைக்கடியில் ஏறிக்கொண்டன. அதுவும் நமக்குச் சரிவராது. வத்தளை வீடுகளில் சீற் கூரைக்கும் சீலிங்குக்கும் இடையில் நண்பகலில் கை வைக்க முடியாத சூடு. முப்பரிமாண அச்சில் எடுக்கும் பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 பாகை செல்சியஸ் அளவிலேயே இளகத் தொடங்கும். அங்கே ஒரு பாலத்தை வைத்தால் வெசாக் வருவதற்குள் அது வளைந்திருக்கும்.

நான் வளர்ந்தது வெள்ளவத்தையில், கடலைப் பார்த்த ஒழுங்கையொன்றில். தீப்பெட்டிகளை நூலில் கோத்து விறாந்தையில் கோச்சி விட்ட காலம் அது. உண்மைக் கோச்சி நூறு யார் தள்ளி, கடலோரமாகப் போய்க்கொண்டிருந்தது. இப்போது வத்தளையில் எட்டுப் பேர்ச் காணியில் கட்டிய வீட்டின் மேல்மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். அறைகள் பத்தடிக்குப் பத்தடி. இரவில் ஹுணுப்பிட்டியைக் கடக்கும் ரயில்களின் சத்தம் காற்று அடிக்கும் திசையைப் பொறுத்து வரும். யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை, மட்டக்களப்பு, பதுளை, புத்தளம் என எங்கே போகிற வண்டியும் அந்த வழியால்தான் போக வேண்டும். இந்தச் சத்தத்தோடு தூங்குகிறவனுக்கு ஆசை வராமல் இருக்குமா?

முதலில் கட்டிலுக்கடியில் ஒரு பிளைவூட் பலகையில் வட்டப்பாதை போட்டேன். ஒரு மாரிகாலம் முடிந்தபோது ஈரத்தில் பலகை முறுக்கிக்கொண்டது, ஒரு மூலையில் கறையான். அதைவிடப் பெரிய குறை, ரயிலைப் பார்க்க ஒவ்வொரு முறையும் பலகையை இழுத்துக் குப்புறப் படுக்க வேண்டியிருந்தது. அந்தத் தோல்விதான் என்னைக் கணக்குப் பார்க்க வைத்தது.

மலைநாட்டுப் பாதையின் மிக இறுக்கமான வளைவுக்கு ஆரை ஐந்து சங்கிலி, அதாவது 330 அடி. ஏற்றம் 44 அடிக்கு ஓர் அடி. இங்கிலாந்தில் பரவலான ஓஓ அளவுத்திட்டத்தில், அதாவது 76இல் ஒரு பங்காக, அந்த வளைவைச் சுருக்கினாலும் முழு வட்டம் 2.6 மீற்றர் குறுக்களவு வரும். பத்தடி அறையில் கட்டிலுக்கு இடமிருக்காது. 160இல் ஒரு பங்கான என் அளவுத்திட்டத்தில் 1.26 மீற்றர் போதும். 1960களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் ஆர்னோல்ட் நிறுவனம் கொண்டுவந்த இந்த 9 மில்லிமீற்றர் பாதையை ஜப்பானியர் பற்றிக்கொண்டதில் வியப்பில்லை. சிறிய வீடுகளுக்கென்றே அவர்கள் அதை வளர்த்தார்கள். டோமிக்ஸ் நிறுவனம் 10 சென்ரிமீற்றர் ஆரையில் கூட வளைவுத் துண்டுகள் விற்கிறது. சிறு டிராம் வண்டிகள் அதில் அழகாகத் திரும்பும்.

ஆனால் சிறிதாக்கினால் மட்டும் போதுமா? நம் தண்டவாளங்களின் இடைவெளி ஐந்தரை அடி. உலகில் விற்கும் மாதிரிப் பாதைகளில் பெரும்பாலானவை நாலடி எட்டரை அங்குலத்தைச் சுருக்கியவை. 9 மில்லிமீற்றர் பாதையில் நம் வண்டியை 160இல் ஒன்றாக ஏற்றினால், பெரிய உடம்புக்குச் சின்னச் செருப்புப் போட்டதுபோல் இருக்கும். இந்த இடத்தில் எனக்கு மிகப் பிடித்த கணக்கு ஒன்று உண்டு. 1957இல் பிரித்தானியாவின் ட்ரையாங் நிறுவனம் அடிக்கு மூன்று மில்லிமீற்றர் என்ற அளவில் ரயில்கள் விற்கத் தொடங்கியது. அந்த அளவில் ஐந்தரை அடியைச் சுருக்குங்கள்: பதினாறரை மில்லிமீற்றர். எங்கும் கிடைக்கும் ஓஓ பாதையின் அகலமும் மயிரிழை பிசகாமல் அதுவே. பெட்டிகளைக் கையால் செய்யப் பொறுமை உள்ளவருக்கு இலங்கை ரயிலின் சரியான பாதை கடையிலேயே காத்திருக்கிறது.

களனிவெளிப் பாதையை விரும்புகிறவருக்கு வேலை இன்னும் இலகு. மருதானையிலிருந்து நுகேகொடை, மகரகமை, ஹோமாகமை வழியாக அவிசாவளைக்குப் போகும் அந்தப் பாதை 1990களில் அகலமாக்கப்படும்வரை இரண்டரை அடிப் பாதையாக இருந்தது. அது 762 மில்லிமீற்றர். ஒஸ்திரியாவின் மலைப்பாதைகள் 760. அந்த ஒஸ்திரியப் பாதைகளுக்கென 87இல் ஒரு பங்கில் செய்யும் மாதிரிகள் 9 மில்லிமீற்றர் தண்டவாளத்தில் ஓடுகின்றன. இரண்டு மில்லிமீற்றர் வித்தியாசத்தை எந்தக் கண்ணும் காணாது. குட்டி எஞ்சின், மூன்று பெட்டி, இரண்டடிப் பலகைக்குள் அடங்கும் வளைவு. களனிவெளிப் பாதையின் இறுக்கமான வளைவுகளால்தான் இன்றும் அங்கே ரயில்கள் மெதுவாகப் போகின்றன. அலுவலகம் போகிறவருக்கு அது தொல்லை. வீட்டுக்குள் பாதை போடுகிறவருக்கு அதைவிட நல்ல முன்மாதிரி இல்லை.

இடமில்லாமல் திண்டாடியது நாம் மட்டுமல்ல, உண்மைப் பாதையைப் போட்டவர்களும்தான். 1924இல் பதுளையை எட்டிய பாதையில் தெமோதரை நிலையத்தைப் பாருங்கள். நிலையத்தை விட்டுக் கிளம்பும் ரயில் மலையைச் சுற்றி இறங்கி, அதே நிலையத்துக்கு நேர் கீழே சுரங்கத்துக்குள் நுழைந்து போகிறது. செங்குத்தாக இறங்க முடியாத இடத்தில் சுற்றி இறங்கினார்கள். அந்த ஐந்து சங்கிலி வளைவில், 44க்கு ஒன்று ஏற்றத்தில் ஒரு முழுச் சுற்று போனால் ஏறத்தாழ 14 மீற்றர் உயரம் கிடைக்கும். அதை மூன்று மில்லிமீற்றர் அளவில் சுருக்கினால், இரண்டு மீற்றர் வட்டத்துக்குள் 14 சென்ரிமீற்றர். ஒரு ரயிலின் தலைக்கு மேலே இன்னொன்று தாராளமாகப் போகலாம். மலையகத்திலிருந்து வந்து வத்தளையில் வீடு கட்டியவர்கள் எத்தனையோ பேர். ஓர் அறையின் மூலையில் தெமோதரையை எழுப்ப அவர்களைவிட உரிமையுள்ளவர் யார்?

எனக்கு மூலைகூடக் கிடைக்கவில்லை. சுவரில் துளையிட வீட்டுக்காரர் சம்மதிக்க மாட்டார். கப்பி கட்டிச் சீலிங்கிலிருந்து இறக்கலாம் என்றபோது மனைவி, "இஞ்சேருங்கோ, கட்டிலுக்கு மேல தொங்கினா நான் கீழ படுக்க மாட்டன்" என்று முடித்துவிட்டாள். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. மிஞ்சியது புத்தக அலுமாரி. எட்டடி நீளத்துக்கு நிற்கும் இரண்டு தாழ்வான அலுமாரிகள், அவற்றின் மேல்தட்டு ஓரடி அகலம், உயரம் நெஞ்சளவு. ஆணி வேண்டாம், வெள்ளம் வந்தாலும் எட்டாது.

ஓரடி அகலத்தில் வட்டம் வராது. வட்டம் தேவையில்லை என்று இங்கிலாந்தில் சிலர் எப்போதோ கண்டுகொண்டார்கள். 1957இல் சி. ஜே. ஃப்ரீசர் என்ற பத்திரிகை ஆசிரியர், இரண்டாக மடித்துத் தூக்கிவைக்கும் ஒடுங்கிய பலகையில் ஒரு நகரத்து நிலையத்தை வரைந்து காட்டினார். அலன் ரைட் என்பவரின் அமைப்பு அதைவிடச் சிறிது. மூன்றே தடங்கள், ஒன்றில் ஐந்து பெட்டிகள் நிற்கலாம், மற்ற இரண்டிலும் மும்மூன்று. எட்டுச் சரக்குப் பெட்டிகளில் ஐந்தைச் சீட்டுக் குலுக்கி எடுத்து, அந்த வரிசையிலேயே கோத்து அனுப்ப வேண்டும். அந்த ஐந்தும் 6,720 விதமாக அமையலாம். ஓர் ஆயுளுக்குப் போதும். ஜப்பானியரைப் பார்த்துப் பிறந்த டீ-டிராக் முறையில் 308 மில்லிமீற்றர் நீளத் துண்டுகளாகப் பாதையைச் செய்து, நண்பர்கள் கூடும் நாளில் மேசைமேல் இணைக்கிறார்கள். கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். ஒருவருக்கு ஒரு துண்டு, பத்துப் பேர் சேர்ந்தால் மூன்று மீற்றர் பாதை.

ரயிலை நாம் எப்போதாவது முழுதாகப் பார்த்திருக்கிறோமா? ஒரு கடவையில், ஒரு மாடி முகப்பில், ஒரு மேடையில் நின்று, வருவதையும் போவதையும்தான் பார்த்திருக்கிறோம். மருதானை தொடங்கிப் பதுளைவரை வீட்டுக்குள் இழுத்துவர வேண்டியதில்லை. நாம் நின்ற இடத்தைக் கொண்டுவந்தால் போதும். எனக்கு அந்த இடம் வெள்ளவத்தை. கொழும்பில் அதைப்போல ஒடுங்கி நீண்ட காட்சி வேறில்லை: முன்னால் கடலும் கருங்கற்களும், பின்னால் இரட்டைப் பாதை, அதற்கப்பால் மெரைன் டிரைவ், கடைசியாக மாடி வீடுகள். 160இல் ஒன்றாக ஓரடி என்பது உண்மையில் ஏறத்தாழ 49 மீற்றர். கற்களிலிருந்து மாடி வீடுகளின் முகப்புவரை அதில் அடங்கிவிடும். செருப்புச் சிறிதான குறையைப் பொறுத்துக்கொண்டேன். மூன்று மில்லிமீற்றர் அளவில் ஓரடிக்கு 31 மீற்றர்தான், வீதியை வெட்ட வேண்டிவரும். எட்டடிப் பலகையில் நாலு பெட்டி வண்டி அரை மீற்றர் நீளம். கடலோரத்தில் அது ஓடுவதற்கு வெளி இருக்கிறது. இரண்டு முனைகளிலும் அது மறைந்து நிற்கும்.

தண்டவாளம் நிக்கல் சில்வர். உப்புக்காற்றில் இரும்பு ஒரு மாதமும் தாங்காது. கடற்கற்களுக்கு ரெஜிஃபோமை உடைத்து எடுத்தேன். மண்ணுக்கு, வெயிலில் நன்றாகக் காயவைத்து அரித்த தேயிலைச் சக்கை. சரியாகக் காயாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். கம்பிகளும் ஆளிகளும் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கினேன். மகன் அலுமாரியின் நுனியில் நாடியை வைத்துக்கொண்டு, கண்மட்டத்தில் கோச்சி வருவதைப் பார்க்கிறான். மேலிருந்து பார்த்தால் அது விளையாட்டுச் சாமான். அவன் உயரத்திலிருந்து பார்த்தால் வெள்ளவத்தை.

கடலுக்கு மட்டும் இன்னும் நிறம் பூசவில்லை. நீலம் வாங்கி வைத்திருக்கிறேன். ஆனால் பள்ளிக்கூடம் போகுமுன் நான் பார்த்த காலை ஏழு மணிக் கடல் நீலமில்லை, ஈயப் பாத்திரத்தின் நிறம். அடுத்த ஞாயிறு மகனைக் கூட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் வெள்ளவத்தைக்குப் போகிறோம், நிறம் பார்க்க.