பந்தியும் பள்ளிக்கூடமும்

1922-ஆம் ஆண்டில் வ.வே.ஸு. ஐயர் அவர்கள் திருநெல்வேலி ஜில்லாவில் தொடங்கிய தமிழ்க் குருகுலத்தின் வரலாற்றைத் தேசத் தொண்டர் பலர் அறிவர். பாரிஸ்டர் பரீக்ஷைக்கென்று லண்டன் சென்று, அங்கே புரட்சிக்காரராய் மாறி, புதுச்சேரியில் பத்தாண்டு தஞ்சம் புகுந்திருந்து, திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்து, பின்னர்ச் சிறையும் கண்டு மீண்ட பெருமகனார் அவர். ஏட்டுக் கல்வியோடு கைத்தொழிலும் தேகப் பயிற்சியும் நாட்டுப் பற்றும் ஊட்டும் கல்விச்சாலையொன்று தமிழ் மக்களுக்கு வேண்டும் என்பது அவருடைய பேரவா. தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி 10,000 ரூபாய் உதவுவதாக இசைந்து, அதில் 5,000 ரூபாயை முதலில் அளித்தது. பல வகுப்பாரும் தத்தம் பிள்ளைகளை நம்பி அங்கே அனுப்பினர்.

சேரமாதேவியிலிருந்த அக்குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகள் இருவருக்குத் தனியே உணவு அளிக்கப்பட்டது. அவ்விருவருடைய பெற்றோர் அவ்வாறு விரும்பினர். ஐயர் அதற்கு இணங்கினார். இவ்வளவுதான் நடந்தது. ஆயின் இச்சிறு இணக்கத்தின் பொருளைப் பெரியோர் உணருமுன் பிள்ளைகளே உணர்ந்துவிட்டனர். ஒரே கூரையின் கீழ்ப் படித்து, ஒரே வெயிலில் விளையாடி, ஒரே பசியோடு வருகின்ற சிறுவர் கூட்டத்தில் இருவர் மட்டும் எழுந்து வேறிடம் போவாராயின், எஞ்சியவர் கற்பது யாது? கைத்தொழிலும் தேகப் பயிற்சியும் கற்பிக்க ஆசிரியர் இருந்தனர். இந்தப் பாடத்தைக் கற்பிக்க ஆசிரியரே வேண்டியிருக்கவில்லை. சோற்றுத் தட்டே போதுமானதாயிற்று.

ஐயரைத் தீயவர் என்று நாம் கூறோம். அவர் ஜாதிச் செருக்கால் அங்ஙனம் செய்தார் என்று நம்புவதற்கும் நமக்கு மனம் இல்லை. பெற்றோருக்குக் கொடுத்த வாக்கைக் காப்பதே தம் கடமை என்று அவர் எண்ணியிருக்கலாம். நமது வழக்கு அவ்விடத்தில்தான். இரண்டு பெற்றோரின் மனம் நோகாமலிருக்க வேண்டுமென்று பார்த்தவர், பந்தியில் அமர்ந்திருந்த மற்றப் பிள்ளைகளின் மனத்தையும் பார்த்திருக்க வேண்டாமா? பிள்ளைகளுக்குப் பொறுப்பேற்றவன் அனைவருக்கும் பொறுப்பேற்றவனாகிறான். கேட்கத் தெரிந்தவருக்கு மட்டும் அன்று.

டாக்டர் வரதராஜுலு நாயுடு கிளர்ச்சி செய்தார், ஈ.வெ. ராமசாமி நாயக்கரும் பிறரும் உடன் நின்றனர். காந்தியடிகள் 1925-இல் ஒரு சமரசம் கூறினார்: முன்னரே வந்த அவ்விருவரும் தனியே உண்ணட்டும், இனி அத்தகைய நிபந்தனையோடு எவரையும் சேர்த்தலாகாது என்றார். பூசல் அதனால் அடங்கவில்லை. அவ்வாண்டு ஜூன் மாதம் பாபநாசம் அருவியில், நீரில் விழுந்த தம் மகளைக் காக்க முயன்று ஐயர் உயிர் நீத்தார். நவம்பரில், காஞ்சிபுரம் மகாநாட்டில், நாயக்கர் காங்கிரஸை விட்டு வெளியேறினார். பின் நடந்தவற்றை இங்கே விரிக்க வேண்டுவதில்லை.

நிற்க. அதே திருநெல்வேலி ஜில்லாவில், நாங்குநேரியில், 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் தாழ்த்தப்பட்ட வகுப்பு மாணவன் ஒருவனை உடன் படித்த மாணவர்களே அவன் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினர். தடுக்க வந்த தங்கையும் வெட்டுண்டாள். குருகுலச் சண்டைக்கும் இதற்கும் நூறாண்டு இடைவெளி இருக்கிறது. முன்னது தனிப் பந்தி, பின்னது அரிவாள். இடையில் நாடு விடுதலை பெற்றது, அரசியல் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது, பள்ளிதோறும் பிள்ளைகள் சமமாய் அமர்ந்து மதிய உணவு உண்ணும் நிலையும் வந்தது. ஆயினும் இது நிகழ்ந்தது.

அரசாங்கம் ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு அவர்களின் தலைமையில் குழு அமைத்தது. 2024 ஜூன் மாதம் அவர் அறிக்கை அளித்தார். ஜாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளையும் நெற்றிக் குறிகளையும் தடுத்தல், பள்ளிப் பெயர்களிலிருந்து ஜாதிப் பெயரை நீக்குதல், மாணவரை அகர வரிசைப்படி அமரச் செய்தல் முதலியன அதில் உள்ளன. நல்ல யோசனைகளே. ஆனால் கயிற்றை அறுக்க அரசாங்கத்தால் கூடும். அதைக் கட்டியவர் யார்? பத்து வயதுப் பிள்ளை தானே கடைக்குப் போய் நிறம் தேர்ந்தெடுத்துக் கட்டிக்கொள்வதில்லை. தமையன் கட்டினான், சித்தப்பன் கட்டினான், சங்கத்துத் தலைவர் திருவிழாவில் கட்டினார். தந்தை பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜாதிச் சான்றிதழ் கேட்கும் சர்க்கார் கயிற்றை மட்டும் ஏன் வெறுக்கிறது என்று சிலர் வாதிக்கின்றனர். சாமர்த்தியமான வாதந்தான்! சான்றிதழ் இழந்த உரிமையைக் கேட்பதற்காகப் பெட்டிக்குள் இருக்கும் காகிதம். கயிறோ, பக்கத்துப் பெஞ்சுக்காரன் காணவேண்டுமென்றே கட்டப்படுவது.

2023-இல் கரூர் ஜில்லாவில் மற்றொரு செய்தி வெளியாயிற்று. காலை உணவைத் தாழ்த்தப்பட்ட வகுப்புப் பெண் ஒருத்தி சமைத்தாள் என்பதற்காகச் சில பெற்றோர் தம் குழந்தைகளை உண்ணவிடாது தடுத்தனராம். கலெக்டர் பள்ளிக்கே நேரில் செல்லவேண்டியதாயிற்று. பசித்த குழந்தைக்குச் சமைத்தவளின் குலம் தெரியாது. வீட்டிலிருந்து ஒருவர் சொல்லியனுப்பினாலன்றி அக்குழந்தை சோற்றை ஒதுக்கியிராது.

அரசியல் சட்டத்தின் 51-அ பிரிவு, மதம், மொழி, பிரதேசம் ஆகிய வேற்றுமைகளைக் கடந்த சகோதர உணர்வை வளர்ப்பது குடிமகன் ஒவ்வொருவனுடைய கடமை என்கிறது. ஆறு முதல் பதினான்கு வயதுக் குழந்தைக்குக் கல்வி வாய்ப்பு அளிப்பது பெற்றோரின் கடமை என்று 2002-இல் அதே பிரிவில் சேர்க்கப்பட்டது. உரிமைப் பிரிவுகளை மேடைதோறும் முழங்கும் நம் தொண்டர்கள் இக்கடமைப் பிரிவை எத்தனை கூட்டங்களில் எடுத்துரைத்தனர்?

2009-ஆம் ஆண்டுக் கல்வியுரிமைச் சட்டப்படி, அரசாங்கப் பள்ளிகளிலே அமையும் நிர்வாகக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவே இருத்தல் வேண்டும். தொண்டர்களிலும் பெற்றோர் பலர் உளர். கட்சிக் கூட்டத்துக்கு நாலு காதம் நடப்பவர், தம் ஊர்ப் பள்ளியின் குழுக்கூட்டத்துக்கு நாலு தெரு நடக்கலாகாதா? அங்கே சமையற்காரியின் பெயரைக் கேட்டறியலாம். பிள்ளைகள் எவ்வாறு அமர்ந்து உண்கின்றனர் என்று பார்க்கலாம். ஆசிரியர் ஒரு பிள்ளையை ஜாதி சொல்லி அழைத்தால் அங்கேயே எழுந்து கேட்கலாம். அதற்குமுன், தம் வீட்டுப் பையனின் மணிக்கட்டைச் சற்றே திருப்பிப் பார்த்துவிட்டுப் புறப்படுவார்களாக.