தவிலுக்கு நடுவே தாளம் எப்படிக் கேட்கிறது?

சித்திரையில் திருவையாற்று ஏழூர்ப் பல்லக்குப் புறப்படும்போது மேளக்காரர்களுக்குப் பக்கத்தில் போய் நின்று பாருங்கள். நரசிங்கம்பேட்டை ஆச்சாமரத்து நாகஸ்வரம், இரட்டைத் தவில், அதற்கு மேல் ஜன இரைச்சல். தோளோடு தோள் நிற்பவர் பேசுவதே காதில் ஏறாது. ஆனால் தாளக்காரர் கையிலுள்ள சின்ன வெண்கலத் தாளத்தின் 'ஜிங்' ஒன்றுகூடத் தப்பாது.

அந்த 'ஜிங்'கைப் பிரித்தெடுப்பது உட்காதிலுள்ள காக்ளியா. அதற்குள் சுருண்டிருக்கும் சவ்வின் நீளம் சுமார் 35 மில்லிமீட்டர்தான். கனத்த ஒலிக்கு ஒரு முனை அசையும், கீச்சொலிக்கு மறுமுனை. சவ்வின் இந்த அசைவை ஆராய்ந்த பெக்கெசிக்கு 1961இல் நோபல் பரிசு கிடைத்தது. ஓர் ஒலியை மறைப்பது பெரும்பாலும் அதன் சுருதிக்கு அக்கம்பக்கத்து இரைச்சல்தான் என்று 1940இலேயே ஒலி ஆய்வாளர் ஹார்வி ஃப்ளெட்சர் காட்டியிருந்தார். தவிலின் தொப்பிப் பக்கம் எவ்வளவு அதிர்ந்தாலும் அதன் பலம் கீழ் ஸ்தாயியில். தாளத்தின் கணீரொலி பல ஆயிரம் ஹெர்ட்ஸில் நிற்கிறது. அங்கே போட்டி குறைவு.

ஒலி குறுகக் குறுகக் காதுக்குக் கஷ்டம். சுமார் 200 மில்லிசெகண்டு வரை வந்து சேரும் ஆற்றலைக் காது கூட்டிக்கொண்டே போகும். அதில் பத்தில் ஒரு பங்கே நீடிக்கும் ஒலி கேட்க வேண்டுமானால் ஏறக்குறைய 10 டெசிபல் கூடுதலாக, அதாவது பத்து மடங்கு செறிவோடு, ஒலிக்க வேண்டும். தட்டிய பிறகும் தாளம் ரீங்கரிக்கிறதே, அது இங்கே கைகொடுக்கிறது. இரண்டு சொற்களுக்கு நடுவே தவில் சற்று ஓயும் இடங்களையும் காது விடுவதில்லை. அமைதியில், 2, 3 மில்லிசெகண்டு இடைவெளியைக்கூட அது பிடித்துவிடும்.

எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று. ஆதி தாளத்தைத் தொடையில் போட்டுக்கொண்டு கேட்பவருக்கு அடுத்த தட்டு எப்போது விழும் என்று முன்பே தெரியும். ஒலி வரும் நேரம் தெரிந்தால், மங்கலான ஒலியும் எளிதில் பிடிபடும். நம் ரசிகர்களின் கேள்வி ஞானத்துக்கு இதில் பெரிய பங்குண்டு.

இவ்வளவு நுட்பமான காதையும் இரைச்சல் கெடுத்துவிடும். ஓயாத பேரிரைச்சல் முதலில் கெடுப்பது பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய கேள்வியைத்தான். உட்காதின் மயிர்ச்செல்கள் அழிந்தால் மறுபடி முளைக்காது. சந்தடியில் பேச்சுப் புரியாமல் போவதே முதல் அடையாளமாக இருக்கலாம். தவில் வித்வான்களும், குறுவையிலும் சம்பாவிலும் அறுவடை இயந்திரம் ஓட்டுபவர்களும் இதை வயசுக்கோளாறு என்று தள்ளிவிட வேண்டாம். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்கு ஒருநாள் போய்க் காதைச் சோதித்துக்கொள்ளுங்கள்.