குழாயில் ஒளிந்திருக்கும் திருடன்!

தொட்டி நிறையத் தண்ணீர். குழாயில் மட்டும் வராது! காரணம் என்ன?

மாடியில் தொட்டி நிறையத் தண்ணீர் இருக்கிறது. சமையல்கட்டில் குழாயைத் திறக்கிறீர்கள். "புஸ்... புஸ்..." என்று ஒரு சத்தம். இரண்டு சொட்டு விழுகிறது. அப்புறம் ஒன்றும் இல்லை!

"குழாய் அடைத்துக்கொண்டது" என்று சிலர் சுவரை உடைக்கக் கிளம்பிவிடுவார்கள். அவசரம் வேண்டாம். உள்ளே கல்லும் இருக்காது, மண்ணும் இருக்காது. வெறும் காற்றுதான் வழியை மறித்துக்கொண்டிருக்கும்!

தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கு, மலைச் சரிவும் மேடு பள்ளமும் நிறைந்த பூமி. பெரியாற்றுத் தண்ணீர் 1895-ம் ஆண்டு முதல் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக இங்கே வந்துகொண்டிருக்கிறது. அந்தத் தண்ணீரை வீட்டுக்கும் தோட்டத்துக்கும் கொண்டுபோக, குழாய்கள் மேட்டில் ஏறிப் பள்ளத்தில் இறங்குகின்றன. காற்றுக்கு அதுதான் கொண்டாட்டம்!

மேட்டில் குடியிருப்பு

காற்று தண்ணீரைவிட லேசானது. ஆகவே குழாய் எங்கே மேடாக வளைகிறதோ, அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும்.

ஒரு கணக்குப் பாருங்கள். தொட்டியின் தண்ணீர், குழாய் வாயைவிட 8 அடி உயரத்தில் இருக்கிறது. வழியில் மூன்று மேடு. ஒவ்வொரு மேட்டின் இறக்கத்திலும் 3 அடி உயரத்துக்குக் காற்று நிற்கிறது. மூன்றும் சேர்ந்தால் 9 அடி. தண்ணீருக்கு இருக்கும் பலம் 8 அடிதான். காற்று ஜெயித்துவிடும். தண்ணீர் தோற்றுவிடும்!

எப்படி விரட்டுவது?

முதலில் தொட்டியை நிரப்புங்கள். பிறகு வீட்டிலுள்ள எல்லாக் குழாய்களையும் முழுதாகத் திறந்து வையுங்கள். தண்ணீர் துப்பித் துப்பி வந்தால் நல்ல அறிகுறி. காற்று வெளியேறுகிறது என்று அர்த்தம். சீராக ஓடத் தொடங்கியதும் ஒவ்வொன்றாக மூடுங்கள்.

அப்படியும் வரவில்லையா? வேகமாகத் தண்ணீர் வரும் வேறொரு குழாயிலிருந்து, சுத்தமான ரப்பர் டியூப் ஒன்றை வராத குழாயின் வாயில் மாட்டுங்கள். இரண்டையும் திறந்தால் தண்ணீர் பின்னோக்கி ஏறும். காற்று தொட்டி வழியாக வெளியே ஓடிவிடும். நல்ல குடிநீரைக் கொண்டு மட்டுமே இதைச் செய்ய வேண்டும்.

தொட்டியை அடியோடு காலியாக விடாதீர்கள். காற்று உள்ளே நுழைவது அப்போதுதான். தொட்டியிலிருந்து இறங்கும் குழாயில், வால்வை அடுத்து, தொட்டியைவிட உயரமாக ஒரு காற்றுக் குழாய் நிறுத்துவது நல்லது. அதன் வாயில் கொசு வலை கட்டவும் மறக்க வேண்டாம்.

பால் போன்ற தண்ணீர்

சில சமயம் தண்ணீர் பால் போல வெள்ளையாக வரும். பயப்பட வேண்டாம். கண்ணாடி டம்ளரில் பிடித்துச் சற்று வையுங்கள். அடியிலிருந்து மேல்நோக்கித் தெளிந்தால் அது வெறும் காற்றுக் குமிழி. அதனால் கெடுதல் இல்லை. மேலிருந்து தெளிந்து அடியில் வண்டல் படிந்தால் அது அழுக்கு. அந்தத் தண்ணீரைக் குடிக்கக் கூடாது.

தோட்டத்து மோட்டார்

திராட்சைக்கும் தென்னைக்கும் நீர் பாய்ச்சும் விவசாயிக்கு வேறு விதத் தொல்லை. மோட்டார் ஓடும், தண்ணீர் வராது. "ஏர் பிடித்துக்கொண்டது" என்பார்கள்.

கிணற்றிலிருந்து உறிஞ்சும் குழாயில் ஓர் ஊசித் துவாரம் இருந்தாலும் போதும். தண்ணீருக்குப் பதில் காற்றுதான் வரும். மோட்டார் ஓடும்போது, அந்தக் குழாயின் இணைப்புகளில் சோப்பு நுரையைக் கெட்டியாகத் தடவிப் பாருங்கள். எங்கே நுரை உள்ளே இழுக்கப்படுகிறதோ, அங்கேதான் ஓட்டை. சுவிட்சை அணைத்துவிட்டு வாஷரை மாற்றுங்கள். அடியிலுள்ள புட் வால்வு ஒழுகினால் சிலர் சாணிக் கரைசல் ஊற்றிச் சமாளிப்பார்கள். அது அன்றைய பாட்டுக்குத்தான். வால்வைப் பழுது பார்ப்பதே நிரந்தர வைத்தியம்.

ஆழமும் முக்கியம். பம்பு எத்தனை பெரிதானாலும், உறிஞ்சும் உயரம் ஏட்டுக் கணக்கில் 34 அடியைத் தாண்டாது. தண்ணீரை மேலே தள்ளுவது வெளிக்காற்றின் அழுத்தம்தான். இத்தாலிய அறிஞர் டோரிசெல்லி 1640-களில் இதை விளக்கினார். நடைமுறையில் 20 அடிக்குள் இருந்தால் நல்லது. தண்ணீரின்றி மோட்டாரை ஓடவிட்டால் சூடேறிக் கெட்டுவிடும். பணத்துக்கும் கேடு, பயிருக்கும் கேடு!

கடலில் போகும் பாய்மரப் படகிலும் இதே கதைதான். படகு சாய்ந்தால் குடிநீர்த் தொட்டியில் நீர் ஒரு பக்கம் ஒதுங்கும். உறிஞ்சும் குழாயின் வாய் வெளியே தெரியும். உடனே காற்று புகுந்துவிடும்!

ராட்சதக் குழாய்கள்

லோயர் கேம்ப்பிலிருந்து குமுளி மலைப்பாதையில் போகிறவர்கள், மலைமேலிருந்து இறங்கும் ராட்சதக் குழாய்களைப் பார்த்திருப்பார்கள். பெரியாறு மின் நிலையத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் குழாய்கள் அவை. அங்கே 1958 முதல் 1965 வரை நான்கு மின்சார இயந்திரங்கள் ஒவ்வொன்றாக ஓடத் தொடங்கின.

இத்தகைய குழாய்களில் காற்று தொல்லை மட்டுமல்ல, காவலனும்கூட! தண்ணீர் சட்டென்று வடிந்தால் உள்ளே வெற்றிடம் உண்டாகும். அப்போது காற்று உள்ளே போக வழி வேண்டும். இல்லாவிட்டால் வெளிக்காற்றே குழாயை நசுக்கிவிடும். 1950-ல் ஜப்பானில் ஓய்காவா மின் நிலையத்தில் இப்படித்தான் நடந்தது. ஓரிடத்தில் குழாய் வெடித்தது. தண்ணீர் வேகமாக வெளியேறியதும், மேலே இருந்த குழாய் அப்பளம் போல நசுங்கியது!

அந்த வால்வை உடைக்காதீர்கள்!

குடிநீர்க் குழாய்கள் போகும் சாலையோரத்தில், மேடான இடங்களில் சிறு தொட்டி கட்டி ஒரு வால்வு வைத்திருப்பார்கள். அதுதான் காற்று வால்வு. காற்றை வெளியே விடும். வேண்டும்போது உள்ளேயும் விடும்.

ஒரு குடம் தண்ணீருக்காகச் சிலர் அதை உடைத்துவிடுகிறார்கள். பம்பு நின்றதும், அங்கே தேங்கிய சாக்கடை நீர் அந்த உடைப்பு வழியாகக் குழாய்க்குள் போகும். மறுநாள் அடுத்த ஊர்க் குழந்தை குடிப்பது அந்தத் தண்ணீரைத்தான்!

உடைந்த வால்வு கண்ணில் பட்டால், ஊராட்சியிலோ நகராட்சியிலோ அன்றைக்கே சொல்லுங்கள். ஊர் முழுதும் நோயில்லாமல் இருக்க அது ஒரு பெரிய உதவி.